மைக்ரோவேவ் ஓடும் நேரம்

மைக்ரோவேவின் கதவைத் திறக்கும்போதே அவள் கை வாசலைக் காட்டிவிட்டது.

லிஃப்ட் மெக்கானிக் மறுபேச்சு பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். பெண்டாட்டி கதவைச் சாத்தினாள். உள்ளே மைக்ரோவேவ் உறும ஆரம்பித்தது.

இது தினமும் நடக்கிற கூத்து. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல், வீட்டுக்குள் உட்கார்ந்த நேரத்தைவிட வராந்தாவில் நின்ற நேரம்தான் கூடுதல் என்று அவர் சத்தியம் செய்யத் தயார்.

எல்லாம் நெஞ்சில் வைத்த மெஷினால் வந்த வினை. இடது தோளுக்குக் கீழே, தோலுக்கு அடியில், தீப்பெட்டி மாதிரி ஒரு பேஸ்மேக்கர். வேலை பார்த்த இடத்திலேயே மயங்கி விழுந்த மனுஷன், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று அதை வைத்துக்கொண்டு வீடு திரும்பியிருந்தார்.

மைக்ரோவேவ் ஓடும்போது பக்கத்தில் நின்றால் அந்த மெஷின் நின்றுபோகும் என்று யாரோ அவள் காதில் ஓதிவிட்டார்கள். அந்தப் புண்ணியவான் யாரென்று தெரிந்தால் அவர் உண்டு இல்லை என்று பண்ணிவிடுவார்.

டாக்டரம்மா இரண்டு பேரையும் உட்காரவைத்துத் தெளிவாகத்தான் சொல்லி அனுப்பினார். வீட்டு மைக்ரோவேவால் இவருக்கு ஒன்றும் ஆகாது, அதன் கதவு நசுங்காமல் ஒழுங்காக மூடினால் போதும் என்றார். இவளும் அங்கே தலையைத் தலையை ஆட்டினாள். வீட்டுக்கு வந்ததும் வாசலைக் காட்டினாள்.

டாக்டர் சொன்னதை அவர் ஒருமுறை அவளுக்கு நினைவுபடுத்திப் பார்த்தார்.

"அந்தம்மா வீட்டுக்காரர் நெஞ்சுலயா மெஷின் இருக்கு?" என்று கேட்டுவிட்டாள்.

அதற்கு மேல் வாயைத் திறப்பாரா? காலம் முழுக்கக் கரண்டோடு குடித்தனம் நடத்தியவர். மைக்ரோவேவின் கீல், கொக்கி, கண்ணாடிக்குள் இருக்கிற சல்லடை எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பார்த்து, ஒரு பழுதும் இல்லை என்று தீர்ப்பும் சொன்னார். எதுவும் அவளிடம் எடுபடவில்லை.

உள்ளதைச் சொன்னால், இப்படித் துரத்தப்படுவதில் அவருக்கு ஒரு ரகசிய சந்தோஷமும் உண்டு. தனக்காக அவள் பயப்படுகிறாள் என்பதற்கு இந்த ஒன்றுதான் சாட்சி.

மற்றபடி அவள் எதற்கும் அசைந்துகொடுக்கவில்லை. அவரை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனபோது, செருப்பை எங்கே விட்டீர்கள் என்று கேட்டவள். சொந்தபந்தம் எல்லாம் மூக்கைச் சிந்தியபோது ஆளுக்கொரு டீ வாங்கிக் கொடுத்தவள். சரியான நெஞ்சழுத்தக்காரி என்று நாத்தனார் முகத்துக்கு நேராகவே சொன்னாள். அதற்கும் இவள் ஒரு டீயை நீட்டினாள்.

படுக்கையில் கிடந்தபடி அதைப் பார்த்து அவர் சிரித்தார். ஆனால் அது எங்கேயோ உள்ளே தைத்துவிட்டது. நான் போயே போயிருந்தாலும் இவள் இப்படித்தான் டீ கொடுத்துக்கொண்டு நின்றிருப்பாளோ? கேட்கவும் வெட்கம். எனக்காக அழுதாயா என்று இந்த வயதில் ஒரு மனுஷன் பெண்டாட்டியிடம் போய்க் கேட்பானா?

எதிர்வீட்டு டீச்சர் வெளியே வந்தார். இன்றைக்கும் துரத்திவிட்டார்களா என்று வழக்கம்போலச் சிரித்துவிட்டு, தன் வீட்டுத் தாழ்ப்பாள் லொடலொடக்கிறது, கொஞ்சம் பார்க்க முடியுமா என்று கேட்டார்.

பார்க்க முடியுமாவா? இத்தனை நாளாக ஒரு திருகாணியைக்கூட யாரும் அவரைத் தொடவிடவில்லை. ஸ்க்ரூடிரைவரை எடுக்க, கதவைப் பூனை மாதிரித் தள்ளி உள்ளே நுழைந்தார். மாட்டிக்கொண்டால் அர்ச்சனை நிச்சயம்.

மைக்ரோவேவ் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

சாப்பாடு அதற்குள் இல்லை. அது கேஸ் அடுப்பில் சுடவைத்து இறக்கி, மூடி போட்டுத் தயாராக இருந்தது.

அவள் மைக்ரோவேவுக்கு எதிரே, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். கண் கலங்குகிற அழுகை இல்லை. தோள் இரண்டும் குலுங்க, அடிவயிற்றிலிருந்து வருகிற அழுகை. அந்த உறுமலில் அது வாசல்வரைகூட வரவில்லை.

கண்ணாடிக்குள், விளக்கு வெளிச்சத்தில் ஒரே ஒரு கப் சுற்றிக்கொண்டிருந்தது. அதில் வெறும் தண்ணீர்.

எதுவும் வைக்காமல் சும்மா ஓட்டினால் இது கெட்டுப்போகும் என்று வாங்கிய அன்றைக்கு அவளுக்குச் சொன்னவரே அவர்தான்.

டாக்டர் சொன்னது அவளுக்கு நன்றாகவே புரிந்திருக்கிறது. இருப்பதோ ஒரே அறை. அவரோ தூக்கத்தில் ஊசி விழுந்தாலும் எழுந்து உட்காருகிறவர். அழ வேண்டுமென்றால் அவள் வேறு எங்கே போவாள்?

'டிங்' என்று நின்றது. அவள் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு திரும்பினாள். அவர் நின்றுகொண்டிருந்தார்.

"எப்ப வந்தீங்க?" என்றாள். குரல் உடைந்திருந்தது.

அவருக்கு மனசு நிறைந்துபோயிருந்தது. அந்தப் பாழாய்ப்போன மனசு வலிக்கவும் செய்தது.

கொதித்த தண்ணீரை மறுபடி வைத்தால் பொங்கித் தெறிக்கும் என்று, அந்தக் கப்பைத் துணியால் பிடித்து மெதுவாக எடுத்து ஓரமாக வைத்தார். வேறொரு கப்பில் குழாய்த் தண்ணீர் பிடித்து, அதுவும் பொங்காமலிருக்க உள்ளே மரக்கரண்டி ஒன்றைப் போட்டு, கதவை மூடி, பட்டனை அழுத்தினார். மைக்ரோவேவ் திரும்பவும் உறுமியது.

பிறகு அவளைத் தன் பக்கம் இழுத்தார்.

"இடது பக்கம் வேண்டாம், தையல் இன்னும் வலிக்குது. இந்தப் பக்கம் சாஞ்சு அழு."