எஞ்சின் நின்ற பிறகு

அருமைநாயகம் தன் கார் ஷெட்டிலேயே ஆறு வருஷம் பாடுபட்டுக் கட்டிய குட்டி விமானத்தில் எஞ்சினுக்குத்தான் வாய் ஜாஸ்தி. "நான் இழுக்கலைன்னா நீ வெறும் துணியும் கம்பியும்தான்," என்று இறக்கையிடம் பறக்கும் நேரமெல்லாம் சொல்லிக்கொண்டே இருக்கும். இறக்கை பதில் சொல்லி அது கேட்டதே இல்லை.

ஒருநாள் காலையில் அவரை ஏற்றிக்கொண்டு கிளம்பி முந்நூறு அடி ஏறியதும் பெட்ரோல் குழாயில் தூசி அடைத்துக்கொண்டது. எஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுபோனது. எல்லாரையும் கொல்லப்போகிறோமே என்று அது பயந்துபோனது.

"பயப்படாதே. மூக்கு கொஞ்சம் தாழ்ந்தா போதும், நான் மிதப்பேன்," என்று இரைச்சல் அடங்கிய காற்றில் ஒரு மெல்லிய குரல் கேட்டது. இறக்கைதான்.

"ஓடுபாதை பின்னாலதானே இருக்கு? திரும்பிடலாமே," என்று எஞ்சின் கெஞ்சியது.

"இவ்வளவு தாழ்வுல திரும்பினா வேகம் போயிடும், மூணு பேரும் விழுந்துடுவோம். எதிர்ல கடலை பறிச்ச நிலம் இருக்கு, நேரா போவோம்."

அருமைநாயகத்தின் கையும் ஒரு கணம் விமானத்தைத் திருப்பத்தான் பார்த்தது. பிறகு மூக்கு தாழும்படி பிடியை முன்னால் தள்ளியது. விமானம் காற்றில் சறுக்கி இறங்கி, மண்ணில் இரண்டு முறை குதித்து நின்றது.

அவர் இறங்கி வந்தார். உதைதான் விழும் என்று எஞ்சின் ஒடுங்கியது. அவரோ அதன் சூட்டையும் பார்க்காமல் தட்டிக்கொடுத்தார்.

சூடு ஆறியதும் எஞ்சின் இறக்கையிடம் கேட்டது: "இத்தனை நாளா ஏன் பேசாமலே இருந்தே?"

"தினமும் பேசிக்கிட்டுத்தான் வந்தேன்," என்றது இறக்கை.