ஓரத்து வாங்கு

முருகன் கோவில் வாசலில் கஜந்தினி நேர்த்திக்கடனுக்கான தேங்காய்களை உடைத்துக்கொண்டிருந்தபோது, கணவன் வினோஜன் தொலைபேசியில் அழைத்தான்.

அவன் மொன்றியலில் கூடைப்பந்து அணி ஒன்றின் ஆட்டக்காரன். போன பருவம் முழுவதும் பயிற்சியாளர் அவனைக் களத்தில் இறக்காமல் ஓரத்து வாங்கிலேயே உட்கார வைத்திருந்தார். அந்த ஆள் போய்த் தொலைய வேண்டும் என்பதுதான் அவளுடைய வேண்டுதல். நேற்று அவரை நீக்கிவிட்டார்கள்.

"புதுக் கோச் என்ன சொன்னவர்?" என்று ஆவலோடு கேட்டாள்.

"என்னை வன்கூவர் அணிக்கு மாத்திப்போட்டார், கஜா. வாற திங்கள் போகவேணும்."

"மாட்டன் எண்டு சொல்லுங்கோவன்!"

"எங்களைக் கேட்டோ மாத்துறவை? ஒப்பந்தம் அப்பிடி."

அவளுடைய தாதிப் படிப்பு மொன்றியலில் முடிய இன்னும் இரண்டு வருடங்கள் இருந்தன. வன்கூவரோ விமானத்தில் ஐந்து மணி நேரத்துக்கும் மேல்.

"எல்லாம் அந்தப் பழைய மனுசனால வந்த வினை. உங்களை விளையாட விட்டிருந்தா, இவை இப்ப உங்களை அனுப்புவினமோ?"

வினோஜன் அவளை இடைமறித்தான்.

"நான் நல்லா விளையாடினா வேற அணியள் கேட்டு எடுத்துப்போடும். உம்மட படிப்பு முடியுமட்டும் என்னை இறக்காதேங்கோ எண்டு நான்தான் அவரைக் கெஞ்சினனான். பாவம், எங்களுக்காக எல்லாரிட்டயும் ஏச்சுக் கேட்டு, கடைசியில வேலையும் போயிட்டுது."