உடைக்கத்தான் எடுத்தேன்

"டப்பாவைத் திற."

பழைய கம்ப்யூட்டர்களைப் பிரித்துப் போடும் தொழிற்கூடம் அது. வேலை முடிந்த கூட்டம் வீட்டுக்குப் போகாமல் வாசலிலேயே நின்று வேடிக்கை பார்த்தது.

சாப்பாட்டு டப்பாவின் மூடி திறந்தது. உள்ளே, கைக்குட்டையில் சுற்றிய ஒரு ஹார்ட் டிஸ்க்.

"நினைச்சேன்! எண்ணிக்கையில ஒண்ணு குறையுதேன்னு காலையிலேர்ந்து மண்டை காயுது. நீயாடா?" என்றார் சூப்பர்வைசர்.

தலைகுனிந்து நின்றவனை எல்லோரும் 'திருப்புளி' என்றுதான் கூப்பிடுவார்கள். எட்டு வருஷமாக, கையில் ஸ்க்ரூ கழற்றும் திருப்புளி இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை.

"திருடலைண்ணே. உடைக்கத்தான் எடுத்தேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"உடைக்கிற இடத்திலேர்ந்து உடைக்கறதுக்காக வீட்டுக்குக் கொண்டுபோற முதல் ஆள் நீதான்டா! யார் காதுல பூ சுத்தறே?"

திருப்புளி கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினான்.

"மனநல ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த டிஸ்க்குண்ணே. என் தங்கச்சி அங்கதான் வைத்தியம் பார்த்துக்கிட்டா. அவ சங்கதி எல்லாம் இதுக்குள்ள இருக்கு. இப்பத்தான் அவளுக்கு ஒரு வரன் அமைஞ்சிருக்கு. வெளிய தெரிஞ்சா அவ உசிரோட இருக்க மாட்டா."

"அதுக்குத்தானே முதலாளி தன் ரூம்ல வெச்சு, ஒவ்வொண்ணுக்கும் துளை போடறார்? அழிச்சாச்சுன்னு சான்றிதழும் கொடுக்கறோம்?"

"துளை போடறதை நீங்க கண்ணால பார்த்திருக்கீங்களாண்ணே?"

சூப்பர்வைசருக்குச் சுருக்கென்றது. பார்த்ததில்லைதான். ஆனால் பத்துப் பேர் முன்னால் அதை ஒப்புக்கொள்ள முடியுமா?

"சோறு போடற முதலாளியையே சந்தேகப்படறியா? நாளையிலேர்ந்து இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்காதே!"

"வேலை போனா போகட்டும்ண்ணே. நீங்களே இப்ப, இங்கேயே, ஒரு கல்லைத் தூக்கி அது மேல போட்டுடுங்க. பார்த்துட்டுப் போயிடறேன்."

"கணக்குல வந்த பொருள் முதலாளி கைக்குத்தான் போகணும். கிளம்பு!"

கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறைதான். திருப்புளி காலி டப்பாவோடு கேட்டைத் தாண்டும்வரை பார்த்திருந்துவிட்டு, சூப்பர்வைசர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனார்.

டிஸ்க்கைப் பார்த்ததும் முதலாளியின் முகம் மலர்ந்தது.

"அப்பாடா! இதைக் காணோம்னதும் எனக்குப் பச்சைத் தண்ணி இறங்கலைய்யா. நல்ல காரியம் பண்ணினே."

"ஐயா, இதுக்கு நானே துளை போட்டுட்டுப் போயிடட்டுமா?"

"துளையா? பைத்தியமா உனக்கு? எத்தனை ஆயிரம் பேரோட விவரம் இருக்கு தெரியுமா இதுல? பேரு, போன் நம்பர், என்ன மாத்திரை தின்னாங்கங்கற வரைக்கும். வாங்கறவங்க பின்வாசல்ல காரோட காத்திருக்காங்க."

சூப்பர்வைசர் திரும்பிப் பார்த்தார். மூலையில் துளை போடும் மெஷின் இருந்தது. அதன் மேல் முதலாளியின் குடையும் சட்டையும் தொங்கின.

"ஆஸ்பத்திரியில சான்றிதழ் கேட்பாங்களேய்யா?" என்றார் சூப்பர்வைசர்.

"அவங்க பொருளை வண்டியில ஏத்தின அன்னிக்கே கொடுத்தாச்சு. மாசா மாசம் வெத்துச் சான்றிதழ்ல மொத்தமா கையெழுத்துப் போட்டுத் தர்றியே, அந்தக் கட்டிலேர்ந்து ஒண்ணு."

முதலாளி டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். போகிற போக்கில் சூப்பர்வைசரின் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

"உன் நேர்மை எல்லாருக்கும் தெரியும்யா. உன் கையெழுத்தைப் பார்த்ததும் ஆஸ்பத்திரிக்காரங்க மறுபேச்சே பேசலை."