முதல் கூடை

"குடிச்சிட்டு வந்திருக்கான்யா!"

முதல் திராட்சைக் கூடையைச் சுமந்து மேடையேறிய ஃப்ளோரிஸ், ஆசீர்வதிக்கக் காத்திருந்த பாதிரியாரின் காலடியிலேயே விழுந்தார். வெள்ளை விரிப்பெங்கும் திராட்சை உருண்டது.

கேப்டவுனிலிருந்து அறுவடை விழாவுக்கு வந்திருந்த விருந்தாளிகள் சிரித்தார்கள். ஒருவர் செல்போனை உயர்த்திப் படம் பிடித்தார்.

முதல் கூடை அந்தப் பண்ணையில் மூத்த தொழிலாளியின் உரிமை. வருடத்தில் அந்த ஒரு நாள்தான் தொழிலாளிக்கு மேடை.

"ம... மன்னிச்சிருங்க ஐயா." நாக்கு குழறியது. சட்டையிலிருந்து ஒயின் வாடை குப்பென்று அடித்தது.

கூட்டத்தின் ஓரத்தில் தொழிற்சங்கத்துக்காரர் ஆப்ராம் பல்லைக் கடித்தார். கூலியில் ஒரு பங்கை ஒயினாக ஊற்றிக் கொடுத்து ஆட்களை அடிமையாக்கிய முதலாளிகளை எதிர்த்து அவர் போராடிய காலத்தில், நீட்டிய குவளையை முதலில் மண்ணில் கவிழ்த்தது இதே ஃப்ளோரிஸ். அதன்பின் ஒரு சொட்டு தொட்டதில்லை.

முதலாளி தெரோன் மேடையேறினார். தொழிலாளிகள் பக்கம் அதுவரை கேட்ட அறுவடைப் பாட்டு நின்றது. வேலை போனால் பண்ணை வீடும் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். ஃப்ளோரிஸின் மனைவி காட்ரீனா மேடையருகே வந்து நின்றாள்.

தெரோன் குனிந்து முகர்ந்தார். வாய்விட்டுச் சிரித்தார்.

"அடப்பாவி! விருந்தாளிங்களுக்கு முன்னாடி நீ ருசி பார்த்துட்டியா? பார்த்தீங்களா, நம்ம சரக்கு அவ்வளவு ஜோர்!"

கைதட்டல் எழுந்தது.

"காட்ரீனா, இழுத்துட்டுப் போய்த் தூங்க வை. திங்கக்கிழமை ஒழுங்கா வேலைக்கு வரச் சொல்லு."

பீப்பாய்க் கொட்டகைக்குப் பின்னால் ஃப்ளோரிஸைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்தாள் காட்ரீனா. ஆப்ராம் பின்னாலேயே விரைந்து வந்தார்.

"மானங்கெட்டவனே! இந்த ஜனமே குடிகார ஜனம்னு சொல்றவனுக்கு நீயே சாட்சி சொல்லிட்டியேடா! இதுக்காடா அடி வாங்கினோம்? ஜெயிலுக்குப் போனோம்?"

ஆப்ராம் அவளிடம் திரும்பினார்.

"நீயாவது தடுத்திருக்கக் கூடாதா காட்ரீனா?"

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"சட்டை வாடையை விடுங்க தோழர். அவர் வாயை மோந்து பாருங்க."

ஆப்ராம் குனிந்தார். காலையில் குடித்த தேநீரின் வாசம் மட்டும்தான்.

"கொடிக்கு மருந்தடிச்சு மருந்தடிச்சு நரம்பு போயிடுச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. காலு நிக்கல, நாக்கு புரளல. கூடை வேணாம்னா ஏன்னு கேப்பாங்க. அதான் ஏறினாரு."

"அப்போ இந்த ஒயின்?"

"நான்தான் சட்டையில ஊத்தினேன். போன வருஷம் நம்மகூட வேலை பார்த்த கெர்ட் இருமி இருமி விழுந்தாரே, ஞாபகம் இருக்கா? உடம்புக்கு முடியாதவன் எதுக்குன்னு ஒரே வாரத்துல வெளியே தள்ளிட்டாங்க. அவர் வீட்டுக்கு வெள்ளையடிச்சு இப்போ விருந்தாளிங்களுக்கு வாடகைக்கு விடுறாங்க. குடிகாரன்னா சிரிச்சுட்டு விட்டுடுவாங்க தோழர்."

ஃப்ளோரிஸின் இடது கை மடியில் தனியாக நடுங்கிக்கொண்டிருந்தது.

கொட்டகையைச் சுற்றிக் காலடிச் சத்தம். விருந்தாளிகளுக்குப் பீப்பாய்களைக் காட்ட அழைத்து வரும் தெரோனின் குரல் நெருங்கியது.

காட்ரீனா ஆப்ராமின் கையைப் பற்றினாள்.

"நிறுத்தாதீங்க தோழர். திட்டுங்க. அவங்க காதுல விழுற மாதிரி திட்டுங்க."

ஆப்ராம் தன் தோழனைப் பார்த்தார். ஃப்ளோரிஸ் மெல்லத் தலையசைத்தார்.

"குடிகாரப் பயலே!" என்று பண்ணையே அதிரக் கத்தினார் ஆப்ராம். வாழ்நாளெல்லாம் எந்த முதலாளி வாயிலிருந்தும் வரவிடக் கூடாதென்று அவர் போராடிய சொல் அது.