ஸ்கேலால் இழுத்த கோடு

டாக்டர் லுத்ஃபி கதவைச் சாத்திச் சாவியைத் திருப்பினார். "காத்துல கதவு நிக்கமாட்டேங்குது" என்றார்.

ரபாப் நம்பவில்லை. அவளுடைய பதவி உயர்வை நாளைக்குத் தீர்மானிக்கும் குழுவுக்குத் தலைவரே அவர்தான்.

"உக்காரும்மா. மின்யாவுல இருந்து ரயில்லயா வந்தே? கூட்டமா?"

"பரவாயில்ல டாக்டர்."

வெளியே கமாசீன் பாலைக்காற்றின் புழுதியில் கெய்ரோவே மஞ்சளாகியிருந்தது. மேஜையில், அவர் கட்டுரையோடு ஆய்வுப் பத்திரிகைக்கு அனுப்பிய படிவத்தின் நகல். அதன் கடைசிக் கேள்வியின் மேல் தேநீர்க் குவளை உட்கார்ந்திருந்தது.

"குளிர்ந்த ராட்சத நட்சத்திரம் என்ன நிறத்துல தெரியும்னு நான் போட்ட கணக்கை பத்திரிகைக்காரங்க சரிபார்க்கச் சொன்ன எவனோ ஒரு நடுவர் கிழிச்சுத் தொங்கவிட்டிருக்கான். பேரு கிடையாது, மகராசனுக்கு. கேளு."

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார். "'ஆசிரியரின் வளிமண்டல மாதிரி நாலாயிரம் டிகிரியோடு நின்றுவிடுகிறது. அதற்கும் கீழே டைட்டானியம் ஆக்சைடு பெருகி ஒளியை விழுங்கும். நிறக் கணக்கே மாறிவிடும். ஆசிரியரோ அங்கே கணக்குப் போடாமல், பழைய கோட்டை ஸ்கேல் வைத்து நீட்டியிருக்கிறார்.'"

இரண்டு வாரம் உட்கார்ந்து ரபாபே எழுதிய வரிகள்.

"ஸ்கேல் வச்சு இழுத்ததுன்னு கட்டுரையில நான் எங்கயும் எழுதலையே. பதினாலு வருஷத்துக்கு முன்னாடி, நீ என் மாணவியா இருந்தப்ப, இதே ரூம்ல நாம ரெண்டு பேருதான் இருந்தோம். ஸ்கேல் யாரு கையில இருந்துச்சு?"

"என் கையில."

"சரி. அந்த நடுவர் சொல்றது சரியா, தப்பா?"

தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பித்துவிடலாம். அவள் கதவைப் பார்த்தாள். சாவி அவருடைய சட்டைப்பையில் இருந்தது.

"சரிதான் டாக்டர்" என்றாள். "அன்னிக்கே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்."

லுத்ஃபி குவளையை எடுத்து நிதானமாக ஒரு வாய் குடித்தார்.

"அந்தக் கோடு எனக்கும் உறுத்திக்கிட்டேதான் இருந்துச்சு. இங்க கேட்டா எல்லாரும் 'ஆஹா டாக்டர், ஓஹோ டாக்டர்'ங்கிறானுங்க."

படிவத்தை அவள் பக்கம் தள்ளினார். குவளையின் ஈர வட்டத்துக்குள் கடைசிக் கேள்வி தெரிந்தது: 'நடுவராக யாரை அழைக்கலாம்?'

"உன் பேரைக் கொடுத்ததே நான்தான்."