ஒட்டடைக் கம்பு

டொக்! டொக்! டொக்!

கைதட்டல் அடங்குவதற்குள் தரைக்கு அடியிலிருந்து இடி வந்துவிட்டது. ஹாலில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“ஆரம்பிச்சுட்டாரு” என்று பல்லைக் கடித்தாள் பல் டாக்டர். ஊருக்கெல்லாம் பல்லைக் கடிக்காதீர்கள் என்று சொல்கிறவள்.

கீழ் வீட்டில் இருப்பவர் ஹவுஸ் ஓனர். தனிக்கட்டை. மாடியில் பாட்டு என்றால் போதும், ஒட்டடைக் கம்பை எடுத்துத் தன் வீட்டுக் கூரையை இடிக்க ஆரம்பித்துவிடுவார். அதுவும் பாட்டு முடியும்வரை காத்திருந்து இடிப்பார்.

“அழுத்தக்காரருங்க” என்றாள் கணவனிடம்.

டாக்டருக்கு ஒரே ஒரு பைத்தியம். நாட்டுப்பாட்டு மெட்டில் தானே எழுதி, தானே பாடித் திரிகிறவர்களைத் தேடிப் பிடிப்பாள். செல்போனில் புது ரெக்கார்டிங் எதையாவது கேட்டு மனசு மயங்கிவிட்டால், ஆளைக் கண்டுபிடித்து வீட்டு ஹாலிலேயே பாடவைக்காமல் விடமாட்டாள். யாருக்கும் தெரியாத பாடகர் என்றால் உயிர். நாலு பேருக்குத் தெரிந்துவிட்டால், “முன்ன மாதிரி இல்லை” என்று உதட்டைப் பிதுக்குவாள்.

இந்தத் தடவை அகப்பட்டவள் ஒரு லிஃப்ட் மெக்கானிக். கையில் ஸ்பேனர் இல்லாத நேரத்தில் கிட்டார். இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்ட மாமியார் மருமகளைப் பற்றி அவள் பாடியதும் ஹாலே விழுந்து விழுந்து சிரித்தது. அதற்குத்தான் அந்த இடி.

அடுத்து காற்றாடியைப் பற்றி ஒரு பாட்டு. டாக்டர் எழுந்து நின்று, “அற்புதம்! என்ன சுருதி சுத்தம்!” என்று கைதட்டினாள். கீழேயிருந்து சத்தமே இல்லை.

“தூங்கிட்டாரு போல.”

எங்கே தூங்கினார்? அதற்கடுத்த பாட்டுக்கு மறுபடியும் டொக் டொக் டொக்.

எல்லோரும் போனபிறகு மெக்கானிக் கேட்டாள்: “அடுத்த மாசம் என் புதுப் பாட்டையெல்லாம் இந்த ஹால்லயே ரெக்கார்ட் பண்ணலாமாக்கா? இங்க சத்தம் அழகா விழுது.”

டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. அவள் ஹாலில் ஒரு ரெக்கார்டிங்!

கணக்கு வாத்தியாரான கணவர்தான் தரைக்கு இறக்கினார். “நம்ம வாடகை ஒப்பந்தம் முடியப் போவுது. பாட்டு வேணுமா, வீடு வேணுமான்னு அவர் கேட்டா என்ன சொல்லுவே? பேசாம அவரையும் ஒரு தடவை கூப்பிட்டுடு.”

“அவரையா? அந்த மூஞ்சிக்குப் பாட்டு ஒரு கேடா? இது மக்கள் பாட்டுங்க.”

“அவரும் மக்கள்தானே?”

“ரசிக்கத் தெரிஞ்ச மக்களுக்குங்க!”

ரெக்கார்டிங் நாள் வந்தது. வீட்டிலிருந்த மெத்தை, கம்பளி, போர்வை எல்லாம் தரைக்கு வந்துவிட்டன. போதாதென்று கிளினிக் திரைச்சீலைகளையும் கழற்றி விரித்தாள்.

“சத்தம் அமுங்குதேக்கா. ஹாலுக்கு மூக்கடைச்ச மாதிரி இருக்கு” என்றாள் மெக்கானிக்.

“பரவாயில்லை, பாடும்மா. இடி விழுந்தா ரெக்கார்டிங்கே பாழ்.”

முதல் பாட்டு முடிந்தது. கீழே மூச்சுப் பேச்சில்லை. இரண்டாவதும் முடிந்தது. டாக்டர் கணவனைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

காலிங் பெல் அடித்தது.

வாசலில் ஹவுஸ் ஓனர். மாடிப்படி ஏறியதில் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. கையில் அதே ஒட்டடைக் கம்பு. நுனியெல்லாம் சுண்ணாம்பு.

டாக்டர் அந்தக் கம்பையே பார்த்தாள். வீடும் போச்சு, பாட்டும் போச்சு. அழுகையே வந்துவிட்டது அவளுக்கு.

“சார், மன்னிச்சுடுங்க. இன்னியோட நிறுத்திடறோம். வீட்டை மட்டும் காலி பண்ணச் சொல்லாதீங்க.”

“நிறுத்தப் போறீங்களா? அதான் நிறுத்திட்டீங்களே!” என்று கத்தினார் அவர். “சாயங்காலத்துலேருந்து அண்ணாந்து பார்த்துக்கிட்டே உக்காந்திருக்கேன். ஒரு வரி கேக்கல!”

உள்ளே எட்டிப் பார்த்தவர் முகத்தைச் சுளித்தார். “இதென்ன, மெத்தைக் கடை மாதிரி? முதல்ல எல்லாத்தையும் சுருட்டுங்க.”

“அப்பாடா!” என்றாள் மெக்கானிக், கிட்டாரைக் கட்டிக்கொண்டு.

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. “அப்போ... நீங்க இடிச்சது?”

“எல்லாத்துக்குமா இடிச்சேன்? அந்தக் காத்தாடிப் பாட்டுல சுருதி விலகிச்சு. அதுக்கு இடிச்சேனா?”

“வாஸ்தவம்தாங்க. நடுவுல வழுக்கிட்டேன்” என்று மெக்கானிக் தலையைச் சொறிந்தாள். எழுந்து நின்று கைதட்டிய டாக்டர், யார் முகத்தையும் பார்க்காமல் ஒரு போர்வையைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

“இவ்வளவு ரசிக்கிறவர், மேல வந்தே கேட்டிருக்கலாமே சார்?” என்றார் வாத்தியார்.

“ஊரையே கூப்பிட்டாங்க. என்னைக் கூப்பிடலியே தம்பி” என்றார் அவர், கோபமெல்லாம் வடிந்த குரலில். “சரி, கீழயே இருந்து கேப்போம்னு இருந்துட்டேன். அங்கேருந்து கை தட்டினா பாடற பிள்ளைக்குக் கேக்காதே... அதான் இந்தக் கம்பு.”