பொய்ப் பதிவு

கொரோனா சான்றிதழ் இல்லாமல் உணவகத்துக்குள் நுழைய முடியாத காலம் அது. பாசல் நகரில் ஒரு தடுப்பூசி நிலையம். தாதி சுகந்தினியின் அறைக்குள் வந்தவர் தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும் கழற்றினார்.

குணசேகரம் அண்ணை! தடுப்பூசி நஞ்சு என்று தமிழ்க் கூட்டங்களில் மேடை போட்டு முழங்குகிறவர்.

“தங்கச்சி, கதவைச் சாத்து. ஒரு உதவி வேணும். உந்தக் கொம்பியூட்டரில...”

சுகந்தினிக்குப் புரிந்துவிட்டது. மருந்தைக் கைகழுவும் தொட்டியில் ஊற்றிவிட்டு, ஊசி போட்டதாகப் பதிந்துகொடுத்த தாதி ஒருவர் போன கிழமைதான் வேறொரு நிலையத்தில் பிடிபட்டிருந்தார்.

“பொய்ப் பதிவு நான் செய்யமாட்டன் அண்ணை.”

“ஐயோ, அதில்லை!” அவர் சட்டைக் கையைச் சுருட்டினார். “ஊசியைப் போடு. பதியாமல் விடு. அதைத்தான் கேக்கிறன்.”

“ஏன் அண்ணை பதியக்கூடாது?”

“என்ர மனிசி சிவமலருக்குச் சுவாசப்பை பழுது. என்னால அவவுக்குத் தொத்தினால் தாங்கமாட்டா. ஆனா நான் ஊசி போட்டதை அறிஞ்சால் என்னை மதிப்பாவோ? என்ர பேச்சுக்கு முன்வரிசையில இருந்து கைதட்டினவ.”

“பதியத்தான் வேணும் அண்ணை. ஆனா என்ர வாயால ஒருத்தருக்கும் போகாது.”

ஊசி போட்டதும் அவர் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு பின்வாசலால் போனார்.

அவர் எழுந்துபோன கதிரையையே சுகந்தினி பிரமித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். காலையில் அதே கதிரையில், முக்காட்டை விலக்கிவிட்டு சிவமலர் அக்கா கெஞ்சியிருந்தார்:

“அவருக்கு இருதய வருத்தம், தங்கச்சி. என்னால அவருக்குத் தொத்தக்கூடாது. நான் போட்டதை மட்டும் அவருக்குச் சொல்லிப்போடாதை.”